முழங்காலளவு கடல்

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கி, பெரிய சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் வாண்டில் ஆறு வரும். ஆறு என்பது பெயருக்குத்தான். ஊரிலிருந்து வந்த யாரையாவது கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால், இதுவோ ஆறு என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரியாதைக்காகப் பேசாமல் நிற்பார்கள். ஆனால் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமர்கள் லண்டனிலிருந்து தென்கரைக்குப் போட்ட சாலை, இந்த ஆற்றை இங்கேதான் எங்கேயோ கடந்திருக்கிறது. பாலம் வருவதற்கு முன், பருக்கைக் கற்கள் பரவிக் கிடந்த ஆழமில்லாத இடமாகப் பார்த்து, உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சனங்கள் இறங்கி நடந்தார்கள். பிறகு ஒரு துறவிமடம் வந்தது, பாலம் வந்தது, ஆலைகள் வந்தன, கடைசியில் சூப்பர்மார்க்கெட் வந்தது. அந்த இடம் சரியாக எது என்று இன்றைக்கு யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

யாருக்கும் தெரியாத அந்த இடத்துக்கு ஒரு பலகை வைக்க வேண்டும் என்று நூலகத்தில் கூடுகிற வரலாற்றுக் குழு தீர்மானித்தது. குழு என்றால் ஓய்வுபெற்ற ஆறு வெள்ளைக்காரரும் ஒரு பிஸ்கட் டின்னும். அவர்களின் செயலாளர் ஐரீன், இந்தப் பகுதியில் பேசப்படுகிற மொழிகள் எல்லாம் பலகையில் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தமிழ் அருமைநாயகியின் தலையில் விழுந்தது.

அருமைநாயகிக்கு அறுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் குருநகர்க்காரி, கத்தோலிக்கர், எண்பத்து நான்கில் லண்டன் வந்தவள். இருபத்திரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தாள். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பள்ளிக்கூடம், அகதி விசாரணை என்று எங்கே தமிழ்ச் சனம் வாயிழந்து நின்றதோ அங்கே போய் அவர்களுக்கு வாயாக இருந்தாள். ஒரு சொல்லைக் கூட்டமாட்டாள், ஒரு சொல்லைக் குறைக்கமாட்டாள். அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வது கல்லறையில் வைத்து மூடுவதுபோல என்று அவளுடைய கோயில் பங்குச் சனங்கள் சொல்வார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கெருவம் இருந்தது.

ஐரீன் கொடுத்த ஆங்கிலம் ஒன்றரைப் பக்கம்தான். அருமைநாயகிக்கு அது அரைமணி நேர வேலை. ஒரு காலை நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவள், ரோமரையும் துறவிகளையும் மளமளவென்று தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ‘மக்கள் இவ்விடத்தில் ஆற்றை நடந்து கடந்தனர்’ என்று எழுதியபோது கை நின்றது. பின்னால் சமையலறைப் பக்கம் சத்தம் கேட்டது. சளக், சளக் என்று, ஆழமில்லாத தண்ணீரில் பாரத்தோடு ஒருவர் நடக்கிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாகப் பார்த்துத்தான் இருக்கிறாள், அங்கே யாரும் இருந்ததில்லை. கணவன் செபமாலைமுத்துவுக்கு, மனைவி தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று சொன்னது மட்டும்தான் தெரியும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அந்த நல்ல மனிதர் மூன்றுதரம் பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாய் எல்லாம் மாற்றிவிட்டார். பேய் பிசாசு என்று யாராவது கதைத்தால் சிரிக்கிறவள் அருமைநாயகி. தன் காதில் நடப்பது பேயில்லை, ஒரு ஆள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆளின் பெயரும் தெரியும்.

அது தொண்ணூற்று எட்டாம் ஆண்டு, மார்கழி மாதம். ஜன்னலில்லாத ஒரு விசாரணை அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து வயதுகூட இராத ஒரு அதிகாரி. இந்தப் பக்கம் விஜயரத்தினம் என்று ஒருவர், கடன் வாங்கிய கோட்டுக்குள் ஒடுங்கிப்போய் இருந்தார். நடுவில் அருமைநாயகி. யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு எப்படிப் போனாய் என்று அதிகாரி கேட்டான். தொண்ணூற்றொன்றில் ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்த காலம் அது. சனங்கள் கொம்படி, ஊரியான் பக்கமாகக் கடல்நீர் உள்ளே புகுந்து நிற்கிற களப்பில் இறங்கித்தான் அக்கரைக்குப் போனார்கள். கிளாலியில் வள்ளம் ஓடத் தொடங்கியது பிறகுதான். விஜயரத்தினமும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அப்படித்தான் போனார்கள். மனைவியின் நெஞ்சில் கைக்குழந்தை, இவர் தோளில் நான்கு வயது மூத்தவள். பாதித் தூரத்தில் எங்கிருந்தோ ஷெல் வந்து விழுந்தது. கரையேறிப் பிள்ளையை இறக்கும்போதுதான், தோளில் இருந்தது உயிரில்லாத பிள்ளை என்று அவருக்குத் தெரிந்தது. அழாமல் சொன்னார். அருமைநாயகியும் அழாமல் சொன்னாள், அதுதான் வேலை.

“கடல்தானே, தங்கச்சி. நடந்துதான் கடந்தனாங்கள்.”

இதைச் சொல்லும்போது அவர் வலது உள்ளங்கையை முழங்காலில் வைத்தார். தண்ணீர் எவ்வளவு என்று காட்டினார். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தான், கையைப் பார்க்கவில்லை. அருமைநாயகி பார்த்தாள். வாய் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கை சொன்னதைச் சொல்லக்கூடாது என்பது விதி. கடலை நடந்து கடந்தோம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கடலுக்கு எல்லாரும் அறிந்த அந்த ஆங்கிலச் சொல்லையே போட்டாள்.

அதிகாரி நிமிர்ந்தான். அதற்குள் கை முழங்காலை விட்டுப் போயிருந்தது. நடந்தா, கடலையா, என்று திருப்பிக் கேட்டான். அவள் அதைத் தமிழில் கேட்டாள். விஜயரத்தினம், ஓம், நடந்துதான் என்று உறுதியாகச் சொன்னார். நம்முடைய ஆண்டவர் தண்ணீர்மேல் நடந்ததுபோலவா என்று அதிகாரி உதட்டுக்குள் சிரித்தான். அந்தக் கணம் அருமைநாயகிக்கு விளங்கிவிட்டது. குருநகருக்குப் பக்கத்துப் பண்ணைக் கடலில் முழங்கால் தண்ணீரில் நண்டு துரத்தி வளர்ந்தவள் அவள். எங்கள் ஆட்களுக்கு உப்புத் தண்ணீர் எல்லாமே கடல்தான். வள்ளம் போனாலும் கடல், கோழி நடந்தாலும் கடல். அதை இங்கிலீஷ்காரன் எப்படி அறிவான்? கடல் என்றதும் அவன் கண்ணில் கப்பல் ஓடியிருக்கும்.

“ஆழமில்லாத களப்பு, முழங்காலளவு தண்ணீர்” என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு வசனம். அவள் சொல்லவில்லை. விளக்கம் சொன்னதற்காக இன்னொரு மொழிபெயர்ப்பாளரை ஏஜென்சி நிறுத்தியது போன கிழமைதான். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. பிழைவிட்டேன் என்று அந்தப் பொடியன் முன் ஒப்புக்கொள்ள மனம் வராத கெருவம் பாதி. விசாரணை முடிவில், மொழிபெயர்ப்பாளர் சொன்னது விளங்கியதா என்று வழக்கம்போல அவரிடம் கேட்டார்கள். இந்தத் தங்கச்சி நல்லாச் சொல்லுது என்று விஜயரத்தினம் கைகூப்பினார். அந்தப் பாராட்டையும் அவள்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால், பிழைவிடாத மனுசர் உண்டா என்று தன்னைத் தேற்றியிருப்பாள். மூன்று மாதத்தில் அந்தக் கதை அவள் வீட்டு மேசைக்கே வந்தது. அவள் எழுத்து வேலையும் செய்துகொடுத்த ஒரு சொலிசிட்டர் அலுவலகம், தமிழில் மாற்றித் தரும்படி ஒரு கட்டுக் கடிதங்கள் அனுப்பியது. அதில் ஒன்று விஜயரத்தினத்தின் கோரிக்கையை மறுக்கும் கடிதம். அவர் கடலை நடந்து கடந்ததாகச் சொல்வது நடக்கக்கூடிய காரியமன்று, ஆகவே பிள்ளை இறந்த கதை உட்பட எதையும் நம்புவதற்கில்லை என்று அதில் இருந்தது. தான் சொன்ன வசனத்தைத் தானே திரும்பத் தமிழாக்க வேண்டிய நிலை.

முதலில் ‘சமுத்திரம்’ என்றுதான் தட்டினாள். அந்தச் சொல் இருந்திருந்தால், வாசித்த உடனேயே விஜயரத்தினம் துள்ளி எழும்பியிருப்பார். நான் எங்கே சமுத்திரம் என்றேன், யார் அப்படிச் சொன்னது என்று கேட்டிருப்பார். யார் சொன்னது என்று சொலிசிட்டர் பார்த்திருப்பார். விசாரணைத் தாளின் அடியில் அவள் கையெழுத்து இருந்தது. சமுத்திரத்தை அழித்துவிட்டுக் ‘கடல்’ என்று போட்டாள். அகராதிப்படி அதில் பிழையில்லை. கடலை நடந்து கடந்தீர் என்று ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் தமிழில் வாசித்தால், இதில் நம்ப என்ன கஷ்டம் என்று தலையைச் சொறிவார். எங்கே பிழை நடந்தது என்று கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியவராது. அது தெரிந்துகொண்டேதான் அதைச் செய்தாள். அன்றுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

அதன்பிறகு விஜயரத்தினம் என்ன ஆனார் என்று அவளுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பியிருப்பார்கள், போரில் செத்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கோயிலில் ஆண்டவர் தண்ணீர்மேல் நடக்கும் வாசகம் வருகிற ஞாயிறு, தலையிடி என்று சொல்லி வெளியே போய் நிற்பாள். ஓய்வுபெற்ற பிறகு ஆற்றங்கரையில் நடக்கப் போனாள். பின்னால் சளக், சளக் என்று அவரும் வந்தார். அவள் நின்றால் அவரும் நிற்பார். ஒருபோதும் முந்திப் போனதில்லை.

இந்த நிலையில்தான் பலகை வேலையை அனுப்பி வைத்தாள். பத்து நாளில் ஐரீன் போன் எடுத்தாள், சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. பலகையின் மொழிகளை எல்லாம் வேறொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது வழக்கமாம். யாரிடம் கொடுத்தார்களோ, தமிழ் திரும்பி வந்தபோது மக்கள் ஆற்றின்மேல் நடந்துபோனார்கள் என்று வந்திருக்கிறது. உங்கள் தமிழில் ரோமர் தண்ணீர்மேல் நடக்கிறார்கள், அன்பே, என்று சொல்லிச் சிரித்தாள்.  ஐரீன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். முழங்காலளவு தண்ணீர் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான், நான் அச்சகத்துக்குச் சொல்லிவிடுகிறேன். போன் வைத்தபிறகு அருமைநாயகி திரையைப் பார்த்தாள். அந்த அழைப்பு இரண்டு நிமிடமும் சில வினாடிகளும் எடுத்திருந்தது.

இரண்டு நிமிடம். ஒரு பலகைக்காக ஒரு வெள்ளைக்காரி மினக்கெட்ட இரண்டு நிமிடத்தை, ஒரு மனிதனின் செத்த பிள்ளைக்காகத் தான் மினக்கெடவில்லை என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலே அருவருப்பு வந்தது. அன்று பின்னேரம் செபமாலைமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். விசாரணையில் கேட்டதை வெளியே கதைப்பது சட்டப்படி குற்றமில்லையா என்று மட்டும் கேட்டார். ஓம், குற்றம்தான் என்றாள். பிறகு, இவ்வளவு காசு குழாய்க்குக் கொட்டினேனே, முதலே சொல்லியிருக்கலாமே என்றார். அது அவருடைய ஆறுதல் சொல்லும் முறை.

அவளிடம் இருந்த ஒரே நூல்முனை, சொலிசிட்டர் அனுப்பிய அந்தக் கடிதக் கட்டில் இணைத்திருந்த ஒரு கோயில் கடிதம். இவர் எமது கோயிலுக்கு வந்து போகிறவர் என்று ஆர்ச்வே முருகன் கோயிலில் எழுதிக் கொடுத்தது. ஒரு சனிக்கிழமை நோர்தேர்ன் லைனில் ஏறினாள். கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஆர்ச்வேக்கு ரயில் மாறத் தேவையில்லை, இதே லைன்தான். இருபத்தாறு வருடமாக ஏறியிருக்கலாம்.

கோயிலில் தொண்டு செய்கிற அம்பலவாணன் என்ற பெரியவருக்குப் பெயரைச் சொன்னவுடன் ஆளைத் தெரிந்தது. விஜயரத்தினம் செத்தும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. இப்போது மனோர் பார்க்கில் இருக்கிறார் என்றார். விலாசத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டேன் என்று போன் எடுத்து அவரிடமே கேட்டார். வரச்சொல்லுங்கோ என்று பதில் வந்தது. உயிரோடு இருக்கிறார் என்று கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை, பயம். செத்தவர் என்றால் பூசை ஒப்புக்கொடுத்து விட்டுவிடலாம். உயிரோடு இருப்பவருக்கு முகம் கொடுக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மனோர் பார்க்கில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் கதவைத் தட்டினாள். திறந்தவருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவருடைய கைகளைத் தெரிந்தது. மகள் ஜதுர்ஷிகா தேத்தண்ணீர் போடப் போனாள். அன்று தாயின் நெஞ்சில் தூங்கிக்கொண்டு கடந்த குழந்தை அவள். தாய் போன வருடம் நோய் வந்து இறந்துபோனதால், இப்போது வீட்டில் இரண்டு பேர்தான்.

அருமைநாயகி சுற்றி வளைக்கவில்லை. தான் யார் என்றாள். கடலுக்குத் தான் எந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டது என்று சொன்னாள். கையைப் பார்த்தும் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். சமுத்திரம் என்று தட்டி அழித்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, மனிதர் எழும்பி உள்ளே போய் ஒரு பழைய உறையோடு வந்தார். அவள் தட்டெழுதிய அதே கடிதம், மடிப்பு எல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

“இதை நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பன் தெரியுமோ? நடந்தது எண்டதைத்தான் அவங்கள் நம்பேல்லையாக்கும் எண்டு நினைச்சன். எல்லாரும் வள்ளம் எண்டுதான் சொல்லினம், நீயும் அப்பிடிச் சொல்லு எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொன்னவை. அப்பீலில வள்ளம் எண்டு சொன்னன், தங்கச்சி. பிள்ளை வள்ளத்தில செத்தது எண்டு சத்தியம் பண்ணினன்.”

நீதிபதியிடம் இரண்டு கதையும் இருந்தன. இவர் உண்மை பேசுகிறவரல்ல என்று எழுதிவிட்டார். அதன்பிறகு பன்னிரண்டு வருடம் பேப்பர் இல்லாமல், கிடைத்த ஷிப்ட்டில் வேலை செய்து, ஒளிந்தும் ஒளியாமலும் காலத்தைத் தள்ளினார். பழைய கேஸ்களை அரசாங்கம் மொத்தமாகப் பார்த்து முடித்த காலத்தில் விசா கிடைத்தது. மனைவியும் மகளும் ஊரிலிருந்து வந்தபோது மகளுக்கு இருபது வயது. இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னார். ஏசினால் தாங்கியிருப்பாள். இது தாங்கமுடியாமல் இருந்தது.

“நீங்கள் செய்தது சரியில்லை,” என்றார் கடைசியில். “ஆனா பிள்ளையைப் பற்றிப் பொய்ச்சத்தியம் பண்ணினது நான்தான். அவள் அதுக்குப் பிறகு எனக்குக் கனவிலயும் வாறதில்லை.”

தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்ற ஜதுர்ஷிகாவை இருவரும் அப்போதுதான் கண்டார்கள். தட்டை மெல்ல வைத்தாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்த நேரம் தகப்பனின் கோப்பை எடுத்துப் படித்தவள் அவள். அக்காவின் சாவுக்கு இரண்டு கதை இருந்ததைக் கண்டு, இதில் எது உண்மை என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே தாய் எழும்பிப் போய்விடுவாளாம். அக்கா என்று ஒருத்தி இருந்தாளா, இல்லை கேஸுக்காகச் சொன்னதா என்ற சந்தேகம்கூட வந்துவிட்டது என்று அருமைநாயகியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நாலு வருடமாக இந்த வீட்டில் தகப்பனும் மகளும் சாப்பாட்டையும் மருந்தையும் தவிர வேறெதுவும் கதைத்ததில்லை. இப்போது அவள் தகப்பனுக்கு முன்னால் வந்து நிலத்தில் உட்கார்ந்தாள்.

“எவ்வளவு தண்ணி, அப்பா?”

 விஜயரத்தினம் வலது உள்ளங்கையை எடுத்து முழங்காலில் வைத்தார். மகள் அதைப் பார்த்துவிட்டு அருமைநாயகியைப் பார்த்தாள். இப்படி ஒரு பார்வை தன்னிடம் திரும்புவதற்கு அருமைநாயகி எத்தனையோ வருடம் காத்திருந்தாள் போலிருந்தது. முழங்கால்வரை, ஆழமில்லாத களப்பு, நடந்து போகக்கூடிய தண்ணீர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். உன் அப்பா முதலாவது நாளே இதைக் காட்டினவர், நான்தான் சொல்லவில்லை என்று தமிழிலும் சொன்னாள்.

ஜதுர்ஷிகா தகப்பனின் முழங்காலில் இருந்த கையின்மேல் தன் கையை வைத்தாள். 

“அக்கா எங்க இருந்தவா?”

அவர் அவளுடைய கைக்கு அடியிலிருந்து தன் கையை மெல்ல எடுத்து, தன் இடது தோளில் வைத்தார்.